நொய்கெல்னில் ஆறாவது நாற்காலி

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, பேர்லினின் ஹெர்மன்பிளாட்ஸ் சுரங்க ரயில் நிலையத்தின் மேல்படியில் கூடியவர்கள் ஆறு பேர். நான்; பிராங்பேர்ட்டில் என்னோடு ஒரே அலுவலகத்தில் மென்பொருள் வேலை பார்க்கும் அருள்; ஹாம்பர்க்கிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஜெர்மானியத் தம்பதி; வழிகாட்டி மேரி அக்கா; அவரை மதிப்பிட சுற்றுலா நிறுவனம் அனுப்பிய அதிகாரி அம்மையார். மேரி அக்காவின் கணவர் வரவில்லை. தான் பக்கத்தில் நின்றால் அவருக்குப் பேச்சு வராது என்று வீட்டிலேயே இருந்துவிட்டாராம்.

நொய்கெல்ன் பகுதியில் இரண்டரை கிலோமீட்டர் நடந்து, மூன்று இடங்களில் சாப்பிட்டு, அந்த வட்டாரத்தின் கதை கேட்பது திட்டம். மூன்று மணி நேரம், ஆளுக்கு 39 யூரோ, உணவும் அதில் அடக்கம். மேரி அக்காவுக்கு அது முதல் நடை. தேறினால் சனிக்கிழமைதோறும் வேலை. மன்னாரிலிருந்து வந்தவர், இங்குள்ள உணவகங்களில் இருபது வருடங்களுக்கு மேல் பாத்திரம் கழுவி, தரை துடைத்தவர். இப்போது முழங்கால் விட்டுவிட்டது.

"தம்பியவை, இண்டைக்கு எனக்குச் சோதினை. கேள்வி கேக்கிறதெண்டால் லேசாக் கேளுங்கோ" என்றார்.

கையில் மடித்த தாளை நீவிக்கொண்டே இருந்தார். எங்கள் வீட்டில் முதன்முதலில் தேர்வெழுதியவன் நான். ஹால் டிக்கெட்டை அப்படி நீவிய விரல்கள் எனக்கும் இருந்தன.

5.20. சொன்னன்அல்லே வீதியில் ஒரு சிரியர் இனிப்புக் கடை. சேமியா போன்ற மாவிழைகளுக்கு அடியில் உருகிய பாலாடைக்கட்டி, மேலே சர்க்கரைப் பாகு. தெருவைப் பார்த்த கடை, நின்றபடியே சாப்பிட்டோம். பத்து வருடங்களுக்கு முன் இந்த வீதியில் எத்தனை கடைகள் மூடிக் கிடந்தன, யார் வந்து திறந்தார்கள் என்று மேரி அக்கா ஜெர்மன் மொழியில் தடுமாறாமல் சொன்னார். எனக்கு முக்கால்வாசி புரிந்தது. அருளுக்கு மீதியையும் சேர்த்து மொழிபெயர்த்தேன்.

6.00. அடுத்தது துருக்கிய உணவகம். வீதிப் பக்கத்துக் கண்ணாடிக் கதவைத் தாண்டி, ஒரு வளைவுக்குள் எங்களை அழைத்துப் போனார். பின்முற்றம். குப்பைத் தொட்டிகள், சாய்த்து வைத்த சைக்கிள்கள், எண்ணெய் வாடை. ஓர் இரும்புக் கதவை இரண்டு தட்டுத் தட்டித் திறந்தார். உள்ளே சமையலறை. கரண்டியோடு நின்ற சமையல்காரர் எங்கள் ஆறு பேரையும் பார்த்துவிட்டு, "மேரி, இன்று சனிக்கிழமை ஆயிற்றே, சுத்தம் செய்ய வந்தாயா?" என்று ஜெர்மனில் கேட்டார்.

அந்தக் கடையில் துடைத்துக் கழுவிய பதினொரு வருடங்களும் மேரி அக்கா அந்தக் கதவு வழியாக மட்டுமே போயிருக்கிறார்.

"கால் தானாப் போயிட்டுது" என்றார் எங்களிடம், மெல்ல.

"அக்கா, இது வி.ஐ.பி. என்ட்ரி" என்றான் அருள்.

"பகிடி விடாதேங்கோ. அங்கை அவ எழுதுறா."

அதிகாரி எழுதி முடித்து, நிதானமாகச் சொன்னார்: சமையலறையில் யாராவது வழுக்கி விழுந்தால் காப்பீடு கிடைக்காது, வாடிக்கையாளரை வீதிக் கதவு வழியாகத்தான் அழைத்துப் போக வேண்டும். சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனோம். பருப்புச் சூப் வந்தது. ஆனால் மேரி அக்காவின் குரல் இறங்கிவிட்டது. எங்களை எந்த மேசையில் உட்கார வைப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

"கதிரையளை மேசைக்கு மேல கவிட்டு வைச்சிருக்கேக்கைதான் எனக்கு இந்த இடம் தெரியும், தம்பி." கடை மூடித் தரை துடைக்கும் நேரத்தில் நாற்காலிகள் அப்படித்தான் இருக்கும்.

7.10. ரிச்சர்ட்பிளாட்ஸ். கல் பாவிய சதுக்கம், தாழ்ந்த பழைய வீடுகள். பெருநகருக்குள் ஒரு கிராமம் அப்படியே நிற்கிறது. இங்கே ஜெர்மன் உணவகம். இந்த முறை மேரி அக்கா நேராக வீதிக் கதவுக்குப் போனார். பரிசாரகர் எத்தனை பேர் என்று கேட்க, "ஐந்து" என்றார். ஐந்து நாற்காலி போட்டார்கள். நாங்கள் ஐவர் உட்கார்ந்தோம். அவர் தாளோடு மேசை ஓரத்தில் நின்றார்.

"ஆறு" என்றேன் நான், எனக்குத் தெரிந்த ஜெர்மனில்.

"வேண்டாம் தம்பி, நான் நிண்டுகொண்டே கதைக்கிறன்."

வழிகாட்டியும் உட்கார வேண்டும், அதுவும் திட்டத்தில் இருக்கிறது என்றார் அதிகாரி. இன்னொரு நாற்காலி வந்தது. ஹாம்பர்க் அம்மையார் பட்டியலைத் திருப்பி, இங்கே எது நல்லது என்று மேரி அக்காவைக் கேட்டார். அக்கா தாளைப் பார்த்தார். அதில் அது இல்லை. தாளைக் கீழே வைத்தார். இங்கே தான் ஒருநாளும் சாப்பிட்டதில்லை, ஆனால் கழுவ வந்த தட்டுகள் எல்லாம் தெரியும் என்றார். ஆட்கள் முட்டைக்கோஸை மிச்சம் விடுவார்கள், சனிக்கிழமை மீனைத் தொட்டுவிட்டு விட்டுவிடுவார்கள், உருளைக்கிழங்கு அடை போன தட்டு மட்டும் வழித்து வைத்தது போலத் திரும்பும். எல்லோரும் கிழங்கு அடை வாங்கினோம், ஆப்பிள் கூழோடு. அதன்பின் அவர் பேச்சை நிறுத்தவில்லை. எந்தக் கடையில் முதலாளி மாறியதும் தட்டில் மிச்சம் கூடியது, எந்த வருடம் இறைச்சி குறைந்தது என்று அந்த வட்டாரத்தின் இருபது வருடக் கதையைத் தட்டுகளை வைத்தே சொன்னார். அதிகாரி எழுதுவதை விட்டுவிட்டுச் சாப்பிட்டார்.

அதனால் கால் மணி நேரம் பிந்திவிட்டது. 8.15க்கு, கல் பாவிய சதுக்கத்தில் வைத்து முடிவைச் சொன்னார் அதிகாரி. தேர்ச்சியும் இல்லை, தோல்வியும் இல்லை. நேரம் தவறியது, சமையலறைக்குள் போனது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை நடத்திக் காட்டலாம். ஆனால் நான்கு பேராவது கட்டணம் செலுத்திப் பதிய வேண்டும், இல்லையென்றால் அந்த நடை இரத்து.

"நாலு பேரை நான் எங்கை போய்ப் பிடிக்கிறது" என்றார் மேரி அக்கா, அதிகாரி போன பிறகு. பிறகு எங்களைப் பார்த்து, "நீங்கள் தூரம், தம்பி. மினக்கெட வேண்டாம். போட்டு வாங்கோ" என்று கை அசைத்தார்.

நான் எழுதிய தேர்வுகள் எல்லாவற்றிலும் முதல் முறையே தேறினேன். கெட்டிக்காரன் என்று ஊரில் சொன்னார்கள். உண்மை வேறு: இரண்டாம் முறைக்குக் கட்டணம் கட்ட எங்கள் வீட்டில் வழி இல்லை, அந்தப் பயத்தில் படித்தேன். தவறியிருந்தால் செங்கல் சூளை வேலைதான். பயமில்லாமல் இன்னொரு முறை உட்கார ஒருவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

கார்ல் மார்க்ஸ் வீதி நிலையத்தில் ரயிலுக்கு ஏழு நிமிடம் இருந்தது. நான் போனை எடுப்பதற்குள் அருள் கேட்டான்: "டேய், ஃபோர் டிக்கெட்டா போட்டுடலாமா? மத்த ரெண்டுக்கு ஆபீஸ்ல யாரையாவது இழுத்துட்டு வரலாம்."

போட்டோம். இன்றைய நடை இருவருக்கு 78 யூரோ, பிராங்பேர்ட்டிலிருந்து போய்வர ரயில் 120. அடுத்த நடைக்கு நான்கு இடம் 156, எங்கள் இருவர் ரயில் மறுபடி 120. மொத்தம் 474 யூரோ.