சைபரும் ஒரு தூக்குவாளியும்

பூந்தமல்லியில் எங்கள் வீட்டு மாடியில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஒரு சொல் கிடைத்தால் அது எந்த ஊரிலிருந்து வந்தது என்று குடையாமல் எனக்குத் தூக்கம் வராது. சைபரை மட்டும் விடுவேனா? நம்முடைய சூன்யம் அரபு நாட்டுக்குப் போய், வெறுமை என்ற பொருளில் சிஃப்ர் ஆகி, ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு, ஆங்கிலத்தோடு சைபராக ஊர் திரும்பியிருக்கிறது. போதாததற்கு நாம் அதைப் பூஜ்யம் என்றும் சொல்கிறோம். பூஜ்யம் என்றால் வணங்கத்தக்கது. ஒன்றுமில்லாததைக் கும்பிடும் தாராள மனசு நமக்கு.

இதையெல்லாம் ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்காவிடம் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"காலின்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டு போயேன் டீச்சர்."

"காலியும் அரபுலேர்ந்து வந்ததுதான்க்கா!"

"அய்ய, உன்கிட்ட வாய் குடுத்தேன் பாரு!"

நோன்பு மாதத்தில் சாயங்காலமானால் அக்கா வீட்டிலிருந்து தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வந்துவிடும். எங்கள் தெருவில் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தருகிற வழக்கமில்லை. எதுவும் செய்யாவிட்டால் ஒரு கரண்டி சர்க்கரையாவது போட வேண்டும். அப்படி அந்தத் தூக்கு வருஷக்கணக்காக இரண்டு வீட்டுக்கும் போய் வந்துகொண்டிருந்தது. என் சமையலைச் சாப்பிட்டும் அக்கா நட்பை முறித்துக்கொள்ளவில்லை.

இந்த ஆண்டு பெருநாள் முடிந்ததும் ஆவடிக்கு வீடு மாறப்போவதாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசியாகக் கஞ்சி வந்த தூக்கு என்னிடம் இருந்தது. அதில் வெறும் சர்க்கரை போட்டுத் தர மனம் வரவில்லை, கேசரிதான் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். முதல் கேசரி அடிப்பிடித்தது. அடுத்தது இறுகிப்போய்க் கரண்டியை விட மறுத்தது. இன்னொரு தடவை கிண்டலாம் என்று சர்க்கரை டப்பாவைத் திறந்தால் உள்ளே எறும்பு மட்டும் இருந்தது. அதற்குள் வாசலில் டெம்போ வந்துவிட்டது.

கடைக்கு ஓட நேரமில்லை. பீரோவை ஏற்றிக் கயிறும் கட்டியாகிவிட்டது, அக்கா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். கழுவிய தூக்கை அப்படியே நீட்டினேன்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. கேசரி கால வாரிடுச்சு. காலியாத்தான் இருக்கு."

மூடியைத் திறந்து பார்த்தார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இத்த இப்டியே வாங்கிகினா அப்பால எங்க ஊட்டுக்கு வர்றதுக்கு உனுக்கு இன்னா கீது? உன்கிட்டயே இருக்கட்டும். ரொப்பி எடுத்துகினு வா. இங்க ஏறுனா பஸ்ஸு நேரா ஆவடிதான்."

தூக்கை என் கையில் திணித்தார். டெம்போ கிளம்பியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுமாரான ஒரு கேசரியோடு போனேன். அக்கா ஒரு வாய் போட்டுக்கொண்டு, "பரவால்ல, இந்த வாட்டி மெல்ல முடியிது" என்றார். திரும்பும்போது தூக்கு நிறையப் பிரியாணி கொடுத்தனுப்பினார்.

இப்போது அது என் அடுப்பு மேடையில் கழுவிக் கவிழ்த்தபடி இருக்கிறது. ரவை வாங்க வேண்டும்.