பட்டன்மேல் இருந்த ரப்பர்

பழைய வீடியோ கேம் இயந்திரங்களைத் தேடிச் சேகரிப்பவன் நான். அழுக்கெடுத்து, கடைக்கு வந்த நாளில் இருந்தது போலவே ஆக்கிவிட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். தெஹியோவிட்டப் பக்கம் ரப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே, பக்கத்துக் காம்பராவில் ஒன்று இருந்தால் விடுவேனா? செல்வம் அண்ணனிடம் கெஞ்சி, ஒரு வாரத்துக்கு வாங்கி வந்தேன். மாலையில் அவரும் மகள் கவிதாவும் சேர்ந்து விளையாடுவது அதில்தான்.

கன்ட்ரோலர் ஒன்றின் பட்டன்மேல் காய்ந்த ரப்பர் பால் உருண்டையாக ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். பளபளத்தது.

திருப்பிக் கொடுத்தபோது அண்ணன் பட்டனைத் தடவிப் பார்த்தார்.

“இதுல ரப்பர் ஒன்னு இருந்திச்சே தம்பி?”

“அழுக்குண்ணே. சொரண்டிட்டேன்.”

அவர் அழுத்திப் பார்த்தார். ரப்பர் பெக்டரி ரோலரில் சிக்கிப் பாதியாகிப் போன பெருவிரல் பட்டனை எட்டவில்லை. தினமும் நான் பார்க்கிற விரல். அந்த உருண்டை எதற்கென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“அப்பா, வாங்க, ஆரம்பிச்சிருச்சி” என்றாள் கவிதா.

“நீயே ஆடு புள்ள. அப்பா பாக்குறேன்.”

மறுநாள் ரப்பர் பால் கொண்டுபோய், திரும்ப ஒட்டித் தருகிறேன் என்றேன்.

“வேணாம் தம்பி. புதுசாட்டம் இருக்கு, அப்படியே இருக்கட்டும்” என்று சிரித்தபடி, வலது கையை இடுப்புச் சாரத்தின் மடிப்புக்குள் நுழைத்துக்கொண்டார்.

அதுவரை அந்தக் கையை அவர் யாரிடமும் மறைத்து நான் பார்த்ததில்லை.