ஊறுகாய்ச் சாடிக்குள் ஈயக்கல்

அப்பா வெளிநாட்டில் ஒரு சுரங்கத்தில் வேலை செய்கிறார். ஈயமும் துத்தநாகமும் ஒன்றாகக் கிடக்கிற இடம். லீவில் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தால் அந்தச் சுரங்கத்தின் கதையைத்தான் அளப்பார். முதலில் வந்தவர்கள் வெள்ளிக்கும் ஈயத்துக்கும் தோண்டினார்களாம். துத்தநாகத்தைப் பிரிக்கத் தெரியாமல் குப்பையாகக் கொட்டினார்களாம். பேரப்பிள்ளைகள் காலத்தில் வழி தெரிந்ததும் அதே குப்பைமலையைத் தோண்டி விற்றார்களாம். ஆதியில் அந்த இடம் கடலடி. வெடிப்புகளுக்குள்ளால் சுடுகிற உப்புநீர் மேலே வந்து, கரைத்துக் கொண்டுவந்த உலோகத்தைச் சேற்றில் விட்டது. சேறு பாறையாகி, மடிந்து, நிலத்துக்குள் போனது. நானும் தங்கச்சியும் வாயைப் பிளந்து கேட்டோம்.

போன முறை ஓர் ஈயக்கல் கொண்டுவந்தார். நீண்ட காலம் வேலை செய்தவர்களுக்குக் கம்பனி கொடுத்ததாம். கூடவே ஓர் அட்டை. கல் எத்தனை கோடி வருசம் பழையது என்று அடித்திருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைக்காதே என்று ஒரு வரி அடிக்க மனம் வரவில்லை.

கைக்குள் அடங்கும் கல், ஆனால் செமப் பாரம். அம்மாவுக்கு அந்தப் பாரம்தான் பிடித்தது. உப்பில் போட்ட தேசிக்காய் மிதந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மூன்றாம் மாடி பிளாட்டில் அதை அமுக்கிவைக்கக் கல்லுக்கு எங்கே போவது? கழுவி ஊறுகாய்ச் சாடிக்குள் வைத்தார். அப்பா பார்த்துச் சிரித்தார்.

"கொம்மா சுரங்கத்தையே ஊறுகாய் போட்டிட்டா."

அம்மாவுக்குப் பிரஷர், எனக்கு அல்சர். ஊறுகாயைத் தின்றது தங்கச்சி மட்டும். புளித்தண்ணியையும் வழித்துத் தின்றாள். சில மாதத்தில் வயிற்றுக்குத்து வந்தது. முகம் வெளிறியது. பரீட்சைக்குப் படித்தது மனதில் நிற்கவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த மாமி, "ஓ எல் சோதினை வருதெல்லே, உவளுக்கு வயித்துக்குத்து வராட்டித்தான் அதிசயம்" என்று பகிடி விட்டார். வயிற்றுப் பூச்சிக்குக் குளிசை கொடுத்தோம். இரும்புக் குளிசை கொடுத்தோம்.

கடைசியில் ஒரு டொக்டர், அப்பாவின் வேலை என்ன என்று கேட்டார். பிறகு, "அங்கயிருந்து வீட்டுக்கு என்ன கொண்டுவந்தவர்?" என்று கேட்டார். அம்மா கல்லையும் சாடியையும் சொன்னார். சோதித்துப் பார்த்தபோது தங்கச்சியின் ரத்தத்தில் ஈயம் இருந்தது.

அன்று பின்னேரமே அப்பாவுக்கு வீடியோ கோல் எடுத்தேன்.

"ஈயமோ? எவ்வளவு காட்டுது?" என்று உடனே கேட்டார்.

"அளவு பாக்கிறது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"இஞ்ச எங்களுக்கு அடிக்கடி ரத்தம் பாக்கிறவங்கள். கூடினா உள்ள இறங்க விடமாட்டாங்கள்."

"அப்ப சாடியைப் பாத்து ஏன் சிரிச்சனீங்கள்?"

"அவங்கள் தூசியைத்தான் பயப்பிடச் சொன்னவங்கள், பிள்ளை. இது கழுவின கல்லெல்லே."

அம்மா போனைப் பறித்தார். "உப்புத்தண்ணியில கரைஞ்சு வந்ததெண்டு நீங்கள்தானே அளந்தனீங்கள்! என்ர சாடிக்குள்ள மட்டும் கரையாதோ?"

கல்லைப் பற்றிக் கம்பனி இன்றுவரை ஒரு சொல் சொல்லவில்லை. அப்பா அதே கம்பனியில் மறுபடி கொன்றாக்ட் எழுதிவிட்டார். மருந்துச் செலவுக்காம்.

ஈயம் எலும்புக்குள் போய்க் குந்திக்கொள்ளும், இறங்க வருசக்கணக்காகும் என்று டொக்டர் சொன்னார். ஞாபகம் முழுக்கத் திரும்புமா என்று கேட்டேன். "பாப்பம்" என்றார்.

நேற்று தங்கச்சி ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டுப் புத்தகத்தைச் சுவரில் எறிந்தாள்.

"அக்கா, முதல் வரி என்னண்டு கேள். என்னால சொல்லேலாது."

நான் கேட்கவில்லை.