மேடு மட்டும், இறக்கம் இல்லை

ஆய்வுக்கூடத்தில் அவளைக் கம்பியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நூற்று நாற்பத்திரண்டு ஜோடி எஃகுக் கம்பிகளுக்கு மெருகேற்றுவது பதினோரு வருடமாக அவள் வேலை. பொறுமைசாலி என்றும் சொல்வார்கள். எரிச்சலை வெளியே காட்டாத பழக்கத்துக்கு மற்றவர்கள் வைத்த பெயர் அது.

கம்பிகளின் நடுவே மூலக்கூறுகள் பாயும். மின்புலம் மேடாக எழும்பும்; மூலக்கூறு முக்கி முனகி ஏறும்; உச்சியை நெருங்கும்போது மின்சாரத்தை நிறுத்தி மேட்டையே இல்லாமல் செய்துவிடுவார்கள். இறங்கினால்தானே இழந்த வேகம் திரும்பும்? உடனே அடுத்த மேடு. ஏறி ஏறி ஓய்ந்ததைக் கடைசியில் காந்தப்புலத்துக்குள் அடைக்க வேண்டும். வேகம் போனால் சூடும் போயிற்று. இதுவரை ஒன்றும் அடைபடவில்லை.

பேருந்து ஓட்டும் கணவன் சீண்டுவான். "அறுபது பேரோட ஓடுற வண்டிய ஒரே மிதியில நிறுத்துறேன். கண்ணுக்குத் தெரியாததை நிறுத்தப் பதினோரு வருஷமா?"

"உங்க வண்டிக்குப் பிரேக் இருக்குங்க. இதுக்கு மேடு மட்டுந்தான்."

"ஏறச் சொல்லிட்டு இறங்கவும் விடாம... உன் பொழப்பு மாதிரியே இருக்கே!"



வெள்ளிக்கிழமை மாலைக்குள் அடைத்துக் காட்டாவிட்டால் அந்த அறை வேறொரு குழுவுக்குப் போய்விடும். இயந்திரத்தைப் பிரித்துவிடுவார்கள். அப்படியிருக்க, திங்கட்கிழமை அவள் சாப்பிடப் போன நேரத்தில் பேராசிரியர் மின்னழுத்தக் குமிழைத் திருகினார். மின்னழுத்தத்தை ஐந்து நிமிடத்துக்கு நூறு வோல்ட்டாகத்தான் ஏற்ற வேண்டும். கம்பியின் கண்ணுக்குத் தெரியாத பிசிறுகள் அப்போதுதான் மெல்லக் கருகி உதிரும். அவள் திரும்பி வந்தபோது கண்ணாடிச் சன்னலுக்குள் நீலப் பொறி பறந்துகொண்டிருந்தது.

"சும்மா கொஞ்சம் ஏத்திப் பாத்தேன், அக்கா."

"கொஞ்சமா? மூவாயிரத்துலேருந்து ஒம்பதாயிரம், சார்."

"நேரம் இல்லையேன்னுதான்..."

"இப்ப நாலு நாள் போச்சு. இதை எந்தக் கணக்குல சேக்குறது?"

நான்கு ஜோடிகளில் அம்மைத்தழும்பு போலக் குழிகள். செவ்வாய் முழுக்க வைரத்தூள் பசையால் தேய்த்தாள். இயந்திரத்துக்குள் மறுபடி வெற்றிடம் உண்டாக்க அடுத்த இரண்டு நாள் பம்புகள் காற்றை உறிஞ்சின. வியாழன் மாலை கிளம்பும்போது குமிழைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் கணவன் அதை எடுத்துப் பார்த்தான். "இதென்ன கருப்பா?"

"எங்க சாரோட அவசரம்."

வெள்ளி காலை எட்டு மணிக்குக் குமிழை மாட்டினாள். நூறு வோல்ட். ஐந்து நிமிடம். மறுபடி நூறு. பேராசிரியர் முக்காலியில் உட்கார்ந்து கால் ஆட்டினார். மூன்று மணிக்கு எட்டாயிரத்தைத் தாண்டியது.

"அக்கா, இனிமே இருநூறு இருநூறா..."

"கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க, சார்."

ஆறு மணிக்கு, வேண்டியிருந்த பன்னிரண்டாயிரம். ஒரு பொறிகூட இல்லை. மூலக்கூறுகளைப் பாய்ச்சி, காந்தப்புலத்தைப் போட்டார்கள். திரையின் தட்டைக் கோட்டில் ஒரு சின்ன வீக்கம். பேராசிரியர் எழுந்தே விட்டார்.

"நின்னுடுச்சு அக்கா! அடைபட்டுடுச்சு!"

ஒருமுறை தெரிந்தால் போதாது. நூறு தடவை வந்தால்தான் துறைத்தலைவர் நம்புவார்; அதற்கு இரண்டு நாள் வேண்டும். எட்டாவது தடவை பார்த்துக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார்கள். அளவுநாடாவோடு புதிய குழுவினர்.

"திங்கட்கிழமை மட்டும் நான் சும்மா இருந்திருந்தா..." என்று பேராசிரியர் தொடங்கினார்.

 ஏற்றியது போலவே நூறு நூறாகப் பூஜ்யத்துக்கு இறக்க அவளுக்குப் பொறுமை இல்லை. ஒரே திருகில் இறக்கினாள். குமிழைக் கழற்றி மறுபடி கைப்பையில் போட்டுக்கொண்டாள்.