பட்டாணி அளவு களிம்பு

பவுடர் டப்பாவைச் சன்னல் கட்டையில் தட்டும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி, மாதக் கடைசியில், டப்பாவின் அடியில் ஒட்டிக்கிடக்கும் தூளுக்காக அதைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுவாள். டொக், டொக், சற்று நிறுத்தி மறுபடி டொக். கன்னத்துப் பருக்களின் மேல் அந்தத் தூள் நிற்காது. அவளுக்கும் தெரியும். ஆனாலும் தட்டுவாள்.

இந்த வயதில் எனக்கு வாய்த்திருக்கும் தொழில், முகத்தைப் பார்க்காமலே முகத்தை நலம் விசாரிப்பது. நான் டாக்டர் இல்லை. கல்லூரியில் இலக்கியம் படித்துவிட்டு, உத்திரமேரூர் தாலுகா ஆபீசில் டைப் அடித்து ஓய்வு பெற்றவள். ஆன்லைனில் தோல் வைத்தியம் பார்க்கும் ஒரு கம்பெனி, மருந்து வாங்கியவர்களைக் கூப்பிட்டுப் பேச இந்தப் பக்கத்து ஆள் தேடியது. சென்னைப் பிள்ளைகளின் பேச்சு நம் ஜனங்களுக்குப் பிடிபடவில்லையாம். என் குரலைக் கேட்டு எடுத்துக்கொண்டார்கள்.

போனில் படம் எடுத்து அனுப்பினால், டாக்டர் பார்த்து ரெட்டினாய்டு என்கிற களிம்பை எழுதிக் கொடுப்பார். கூரியரில் வரும். அது எரியும், தோலை உரிக்கும், முதல் சில வாரம் பருவைக் கூட்டியே காட்டும். அந்த வாரங்களில் ஜனங்கள் டியூபைக் குப்பையில் வீசாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. கூடவே, பெண்களிடம் ஒரு கேள்வியை ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும்: குழந்தை உண்டாகியிருக்கிறதா? உண்டாகியிருந்தால் களிம்பை அன்றே நிறுத்திவிட வேண்டும். காதில் போனை வைத்துப் பிழைக்கிறவர்களே, கண்ணாடி முன் நின்று பெருமூச்சு விடுகிறவர்களே, நீங்கள் எல்லாம் என் கட்சி. உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நேராக ஒன்று, பக்கவாட்டில் இரண்டு

நாம் போட்டுப் பார்க்காமல் ஊருக்கு எப்படிச் சொல்வது என்று எனக்கும் ஒரு டியூப் கேட்டேன். வெயிலில் பஸ்ஸுக்கு நின்று நின்று கன்னத்தில் படிந்த கரும்புள்ளிகள் என்னிடமும் உண்டு. டாக்டர் படம் கேட்டார். நேராக ஒன்று, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. சன்னல் வெளிச்சத்தில், கிட்டத்தில். என் வீட்டுக்காரர் போன பிறகு அவ்வளவு கிட்டத்தில் என் முகத்தை யாரும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. படத்தை அனுப்புவதற்கு முன் சற்று நேரம் அதில் தெரிந்த அம்மாளோடு உட்கார்ந்திருந்தேன்.

களிம்பு போட ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் மூக்கோரமும் மோவாயும் செதில் செதிலாக உரிந்தன. முகம் கழுவினால் தண்ணீரே எரிந்தது. பால் ஊற்ற வரும் கன்னியம்மா, சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். "இன்னா டைப்பிஸ்ட்டம்மா, பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் செவுரு சொரண்டுன மாரி கீது மூஞ்சி? சொரண்டிட்டீங்க, சரி. சுண்ணாம்பு எப்போ?"

எந்தப் பட்டாணி

முகம் முழுவதற்கும் பட்டாணி அளவு போதும் என்று சொல்லச் சொல்லி எங்களுக்குப் பாடம். மாகறலில் ஒரு விவசாயி, காலேஜ் படிக்கும் மகளுக்காகக் களிம்பு வாங்கியிருந்தார். மகள் முகம் தீய்ந்ததுபோலச் சிவந்துவிட்டது என்று பதறிக்கொண்டு கூப்பிட்டார். விசாரித்தால், டியூபில் பாதி ஒரே வாரத்தில் தீர்ந்திருக்கிறது. பயிருக்கு மருந்தைக் குறைத்து அடித்தால் பூச்சி போகாது என்பது அவருடைய அனுபவம். மகள் கொஞ்சமாகப் பிதுக்கியதைப் பார்த்து, "நல்லாப் போடும்மா" என்று பக்கத்தில் நின்று போட வைத்திருக்கிறார்.

கோபப்பட முடியவில்லை. மகளின் பருவுக்காக ஒரு தகப்பன் பக்கத்தில் நிற்கிற வீடுகள் என் காலத்தில் கிடையாது. சில நாள் நிறுத்திவிட்டு மறுபடி பட்டாணி அளவில் தொடங்கலாம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் அதை நிதானமாக யோசித்துவிட்டுக் கேட்டார்: "காஞ்ச பட்டாணியாம்மா, ஊறப்போட்டதா? ரெண்டுக்கும் எவ்ளோ வித்தியாசம் கீது, நீங்க பாட்டுக்குப் பட்டாணின்னு சொல்லிட்டீங்க!"

எஸ்தர்

எஸ்தருக்குக் காவாந்தண்டலம். கணவனும் மாமியாரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். இவள் செல்போன் பாகங்கள் பொருத்தும் கம்பெனியில் இருக்கிறாள். நாள் முழுக்க முகத்தில் மாஸ்க், மாஸ்க்குக்கு அடியில் வியர்வை, தாடையெங்கும் பரு. கல்யாணத்துக்குப் பிறகு தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய முதல் பொருள் இந்த டியூப்தான் என்றாள். வேலை நேரத்தில் போன் கம்பெனி லாக்கரில் இருக்கும் என்பதால், மாமியார் நம்பரையும் கொடுத்திருந்தாள்.

அந்தக் கேள்வியைக் கேட்டேன். ஒரு முறை தங்கிக் கலைந்துவிட்டதாம். அதன் பிறகு ஆஸ்பத்திரி, மாத்திரை, ஜெபம் எல்லாம் பார்த்து ஓய்ந்து, வரும்போது வரட்டும் என்று விட்டுவிட்டார்களாம். "வந்துவிட்டால் அன்றைக்கே களிம்பை நிறுத்திவிட்டு எங்களிடம் சொல்ல வேண்டும், மறந்துவிடாதே" என்றேன். சரி என்றாள். அது நடக்காத காரியம்போல இருந்தது அந்தச் சரி. பிறகு அவளாகவே சொன்னாள்: "எந்த வூட்டு விசேசத்துக்குப் போனாலும் ரெண்டு கேள்விம்மா. மூஞ்சி ஏன் இப்டி கீது, வயிறு ஏன் இன்னும் அப்டியே கீது. ரெண்டுல ஒன்னாவது என் கையில இருக்கட்டுமே."

வெயில்

இதற்கிடையில் மாகறல் பக்கம் களையெடுக்கப் போகும் வள்ளி. மகன் கல்யாண போட்டோவில் கன்னத்து மங்கு தெரியக் கூடாது என்று மகனே டியூப் வாங்கிக் கொடுத்திருந்தான். ராத்திரி களிம்பு, காலையில் வழக்கப்படி மஞ்சள் தேய்த்துக் குளியல், அப்புறம் பொழுது சாயும்வரை வயல். முகம் எரிகிறது என்றாள். எரியாமல் என்ன செய்யும்?

மஞ்சளை நிறுத்துங்கள், சன்ஸ்க்ரீனை அடிக்கடி பூசுங்கள், வெயிலில் போகாதீர்கள் என்று கம்பெனி எழுதிக்கொடுத்த வசனத்தை ஒப்பித்தேன். சொல்லும்போதே என் குரல் எனக்குக் கூசியது. வள்ளி கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தாள். "வெயில்ல போவாதன்றீங்க. சரிம்மா. நெழல்ல கூலி குடுக்கறவங்க யாருன்னு மட்டும் சொல்லுங்க, நாளைக்கே போறேன்."

வராத பெருமூச்சு

எஸ்தருக்கு வார நாளில் போன் செய்தால் மாமியார் ஞானம்மா எடுப்பார். "இன்னாம்மா பேஜாரு, ஒரு பருவுக்கு இத்தினி வாட்டியா?" என்று ஆரம்பித்து, எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுவார். அந்தக் கேள்விக்கு மட்டும் எப்போதும் ஒரே பதில்: முதலில் நீளமாக ஒரு பெருமூச்சு, பிறகு, "எங்கம்மா, ஆண்டவர் இன்னும் கண்ணத் தொறக்கல."

ஒரு வாரம் பெருமூச்சு வரவில்லை. கேட்ட மாத்திரத்தில், "அதெல்லாம் ஒன்னியும் இல்ல" என்று வெடுக்கென்று பதில் வந்தது. களிம்பு ஒழுங்காகப் போடுகிறாளா என்றேன். "அதெல்லாம் தெனமும் போட்டுக்கினுதான் கீறா" என்றார். எனக்குச் சந்தேகம் தட்டியது. இந்தப் பக்கத்தில் மூன்றாம் மாதம் முடியும்வரை பிள்ளைப் பேச்சை வெளியே விட மாட்டார்கள். கண் படும். அதிலும் போன முறை தெருவுக்கெல்லாம் சொல்லி, கலைந்து, அதே தெருவின் துக்க விசாரிப்பையும் வாங்கிக்கொண்ட வீடு. போனில் பேசும் முகம் தெரியாத எனக்கு எப்படிச் சொல்வார்கள்? சொல்ல வேண்டாத அந்த மூன்று மாதம்தான் களிம்பு ஆகவே ஆகாத மாதங்கள் என்று ஞானம்மாவுக்கு யார் சொன்னது?

எங்கள் சூப்பர்வைசர் ஷாலினி சென்னையில் இருக்கிறாள். கெட்டிக்காரப் பெண். என் சந்தேகத்தைச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொன்னாள்: "அவங்க இல்லைன்னா இல்லைதான் மேடம். பெருமூச்சு வரலைன்னு சிஸ்டத்துல போட இடம் கிடையாது."

கேட்காமல் கேட்டது

மறுபடி ஞானம்மாவைக் கூப்பிட்டேன். கேட்டால் இல்லை என்பார், ஆகவே கேட்கவில்லை. "ஞானம்மா, நீங்கள் எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் மட்டும் பேசுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்" என்றேன். "பொதுவாகச் சொல்கிறேன். ஒரு வீட்டில் நல்ல சேதி இருந்தால், அந்த வீட்டில் இந்தக் களிம்பைத் தொடக் கூடாது. யாரிடமும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, இதை நிறுத்தினால் போதும். அப்புறம் அந்தப் பெண் எங்கள் டாக்டரிடம் தனியாக ஒரு வார்த்தை பேசினால் நல்லது. டாக்டர் யாரிடமும் சொல்ல மாட்டார்."

அந்தப் பக்கம் போனைக் கீழே வைத்தார். காலடிச் சத்தம் கேட்டது, ஏதோ பாத்திரம் உருண்டது, கோழி ஒன்று கத்திக்கொண்டு ஓடியது. ஞானம்மா மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். "நான் ஒன்னியும் சொல்லல. நீயும் ஒன்னியும் கேக்கல. சமையக் கொட்டா எரவாணத்துல சொருவிட்டேன் அந்த டியூப்ப, அவ கைக்கு எட்டாது."

யார் குரலில்

அந்த ஞாயிற்றுக்கிழமை எஸ்தரே கூப்பிட்டாள். கோயிலுக்கு வெளியே நின்று பேசுகிறாள் என்று பின்னால் வந்த பாட்டில் தெரிந்தது. அழுதுகொண்டிருந்தாள். நாள் தள்ளிப்போன பிறகும் விடாமல் பூசியிருக்கிறாள். இது அதுவாக இருக்கும் என்று அவளே நம்பவில்லையாம். நம்பிய பிறகோ, வாயைத் திறந்தால் போய்விடுமோ என்று பயம்.

டாக்டரை இணைப்பில் கொண்டுவந்தேன். சின்ன வயதுப் பெண், நிதானமாகப் பேசினார். இனி போடவே வேண்டாம். மேலே பூசும் களிம்பு உடம்புக்குள் போவது மிகவும் குறைவு. தெரியாமல் கொஞ்ச நாள் பூசியவர்களுக்கு இதனால் கெடுதல் வந்ததாகப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. ஆனால் உள்ளூர் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி ஸ்கேன் பார்க்க வேண்டும். பேசி முடித்து டாக்டர் இணைப்பிலிருந்து விலகிக்கொண்டார். எஸ்தர் போனை வைக்கவில்லை. "டாக்டரம்மா சொன்னது புரிஞ்சிச்சும்மா. என் மூஞ்சி ஆசைக்குப் புள்ளைக்கு ஒன்னும் ஆவாதுன்னு நீங்க ஒருவாட்டி சொல்லுங்க, உங்க கொரல்ல."

தொட்டில்

சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமை இல்லை. டாக்டர் சொன்ன வார்த்தைகளையே, ஒன்று கூட்டாமல் ஒன்று குறைக்காமல், மெதுவாகத் திருப்பிச் சொன்னேன். வாழ்நாளெல்லாம் பிறர் எழுதியதைப் பிழையில்லாமல் டைப் அடித்தவள் நான். அன்றைக்கு மட்டும் ஒரு வரி சேர்க்க விரல்கள் துடித்தன. எஸ்தர், "உம்" என்று வைத்துவிட்டாள். மருந்தை நிறுத்தியவர்களின் பெயர் என் பட்டியலிலிருந்து தானாகவே போய்விடும். நாங்களாகக் கூப்பிடவும் கூடாது. அவள் பெயரும் போயிற்று. ஸ்கேனில் என்ன சொன்னார்கள் என்று தெரியாமலே பல மாதம் மற்றவர்களின் தோலை விசாரித்துக்கொண்டிருந்தேன். காவாந்தண்டலம் என்று யாராவது முகவரி சொன்னால் பெயரை இன்னொரு முறை கேட்டுக்கொள்வேன்.

ஒரு நாள் ஷாலினி கூப்பிட்டாள். "மேடம், ஒரு அம்மா லைன்ல இருக்காங்க. பேர் தெரியலையாம். 'இளுத்து இளுத்துப் பேசுமே ஒரு கெளவி, அது வோணும்'னு சொல்றாங்க. உங்களைத்தானே?" நானேதான். இணைப்பு கொடுத்ததும் ஞானம்மா எடுத்த எடுப்பில், "பொண்ணு" என்றார். குழந்தை எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்: "கையி, காலு, காது, மூக்கு எல்லாம் நானே தொட்டுத் தொட்டுப் பாத்துட்டேன், ஒரு கொறை இல்ல. எஸ்தரு மூஞ்சிதான் முன்னைக்கு இப்ப மோசமாக் கீது. கெடக்கட்டும், வர்றவன் போறவன் எல்லாம் தொட்டிலத்தான் பாக்கறான்."

களிம்பைத் தொடர்ந்து போட வைப்பதற்காகச் சம்பளம் வாங்கும் இந்த உத்தியோகத்தில், நான் நிம்மதியாகத் தூங்கியது ஒருத்தியைப் போடாமல் நிறுத்தியதற்காகத்தான். எஸ்தர் மறுபடி வேலைக்குப் போகிறாள். பரு அப்படியே இருக்கிறது.