ரத்தினம்மா வீட்டில் சொல்லாத வார்த்தை

ரத்தினம்மாவுக்குச் சில வார்த்தைகள் ஆகாது. அரிசி தீர்ந்துபோச்சுன்னு அவ வீட்டுல யாரும் சொல்லக்கூடாது, 'அரிசி நிறைய வாங்கணும்'னுதான் சொல்லணும். விளக்கை அணைன்னா அடிக்க வருவா, 'குளிர வை'ன்னு சொல்லணும். மூத்த பிள்ளைக்கு ஜுரம் கண்டப்போ 'இது தங்காது போலிருக்கே'ன்னு வாய் தவறிச் சொல்லிட்டாளாம். தங்கலை. அன்னிக்குப் பிடிச்ச பயம் அது.

கடல் கடந்து வந்து நாங்க குடியிருந்த பஃபலோ ரோட்டு மாடியில அவளுக்கும் எனக்கும் நடுவுல ஒரு பலகைத் தடுப்புதான். அடுப்படி பொது. நானோ வாயடக்கம் இல்லாத வேதக்காரி, கோயில் சாமியார்கிட்டயே முகத்துக்கு நேரா பேசிப்புடுவேன். "பிலோமினா, உன் வாயில நல்லதே வராதா?"ன்னு அவ கேக்காத நாளில்லை. ஆனாலும் எனக்குப் பிரசவமானப்போ பத்தியச் சோறு வடிச்சுப் போட்ட மகராசி அவ.

ஐம்பத்தாறாம் வருஷம் அவ மக கோமளா விந்தி விந்தி நடக்க ஆரம்பிச்சா. ஏழு வயசு. ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்துட்டு, இடுப்பு மூட்டுல டி.பி.ன்னாங்க. நெஞ்சுக்குக் கீழே தொடங்கி வலது கால்விரல் வரைக்கும் மாவுக்கட்டு. ஊசி போட வாரம் தவறாம நர்ஸ் வீட்டுக்கே வருவாங்கன்னு சொல்லி, பிள்ளையைப் பலகையில கிடத்தி அனுப்பிட்டாங்க.

அன்னிக்கு நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் சீனர், நல்ல மனுஷன். தமிழ் நர்ஸை வச்சு நிறுத்தி நிதானமாச் சொன்னார்: "கட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு எங்க கண்ணுக்குத் தெரியாது. பிள்ளை வலிக்குதுன்னு சொன்னா உடனே தூக்கிட்டு வாங்க. அவ வாய் திறந்தாத்தான் உண்டு."

வீட்டுக்கு வந்த மறுநாளே கோமளா, "அம்மா, குதிகால் வலிக்குது"ன்னா. ரத்தினம்மா ஓடிவந்து பிள்ளை வாயைப் பொத்தினா. "அப்படிச் சொல்லாத கண்ணு, பலிச்சுடும். நல்லா இருக்குன்னு சொல்லு."

"நல்லா இருக்கும்மா."

அதுக்கப்புறம் யார் கேட்டாலும் அதே பதில்தான். நர்ஸ் கேட்டாங்க, நல்லா இருக்கு. அப்பா மாணிக்கம் துறைமுகத்துல வேலை முடிஞ்சு வந்து கேட்டாரு, நல்லா இருக்கு. சோறு இறங்காத பிள்ளை, போர்வை நுனியைக் கடிச்சுக் கடிச்சுக் கந்தலாக்கி வச்சிருந்த பிள்ளை, எப்படி நல்லா இருக்கும்? சில வாரம் கழிச்சு தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு வாடை வர ஆரம்பிச்சுது. ரத்தினம்மா காலையும் மாலையும் சாம்பிராணி போட்டா. அந்தப் புகைக்கு அடியிலயும் வாடை வந்துச்சு.

"ரத்தினம், கட்டுக்குள்ள அழுகுது."

"என் வீட்டுல நின்னு அந்த வார்த்தையைச் சொல்லாத. வெளிய போ."

நான் போகலை. குனிஞ்சு, கட்டு நுனியில தெரிஞ்ச பிள்ளையோட கால்விரலைத் தொட்டேன். சில்லுன்னு இருந்துச்சு, நிறமும் சரியில்லை. ரத்தினம் கத்தக் கத்த, டாக்சி பிடிச்சுப் பிள்ளையை ஏத்தினேன்.

கட்டை வெட்டினப்போ நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. குதிகால்ல எலும்பு தெரிஞ்சுது. இடுப்பு மூட்டு நல்லா ஆறிக்கிட்டு வருதாம். பாதத்தைத்தான் காப்பாத்த முடியுமா தெரியலைன்னார் டாக்டர். ஒரு ஊசியை எடுத்தார். "குத்துற இடத்துல வலிச்சா அங்க உயிர் இருக்கு. வலிக்காத இடத்தை எடுத்தாகணும். பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்க."

ரத்தினம்மா கட்டிலோரம் மண்டி போட்டா. "வலிக்குதுன்னு சொல்லு, என் தங்கம். அம்மா சொல்றேன், சொல்லு."

டாக்டர் கால்விரல்ல குத்தினார்.

கோமளா அம்மாவையே பார்த்தா. கண்ணு ரெண்டும் நிறைஞ்சுடுச்சு, உதட்டைக் கடிச்சுக்கிட்டா.

"நல்லா இருக்கும்மா."

பாதத்தையே பார்த்துக்கிட்டிருந்த டாக்டர், வலிக்கலை போலன்னு ஊசியை இன்னும் கொஞ்சம் மேலே நகர்த்தினார்.