என் வீட்டை இழுத்த கயிறு

ஒரே அப்பத்தைப் பிட்டுத் தின்கிற என் ஜனங்களே,

நான் எழுதியது என்றதும் கொஞ்சம் சிரிக்கலாம் என்று இந்தப் பக்கத்தைப் பிரித்திருப்பீர்கள். குற்றம் உங்களுடையதல்ல. ஞாயிறு பள்ளியில் கழுதை மாதிரிக் கத்திக் காட்டியவன் நான். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காயைத் தலையில் வைத்துக்கொண்டு நின்று, பூசணிக்காயைவிட மலிவாகப் போனவனும் நான். ஆனால் சென்ற வருஷம், தவக்காலத்துக்கு முந்தின வாரம், அடையாற்றுப் பாலத்துக்குத் தெற்கே, என் வாயில் ஒரு வேடிக்கையும் வராமல் போன ஒரு பகல் உண்டு. அந்தப் பகலில் தேவன் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்கு நான்கு சக்கரம். மிஷன் துரை ஒரு பழைய லாரியை வாங்கி, அதன் முதுகில் பலகையால் ஓர் அறை கட்டி, உள்ளே கட்டில், அடுப்பு மேடை, ஆர்மோனியம் எல்லாம் வைத்து, ஊர் ஊராகப் போய்ப் பாடு என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுச் சீமைக்குக் கப்பல் ஏறிவிட்டார். நம் சபையில் அதைப் பாட்டு வண்டி என்பீர்கள். அடையாற்று முகத்துவாரத்துக் குப்பத்தில் அதற்கு 'நகர்ற ஊடு' என்று பெயர். ஓட்டுவது நான், பாடுவது நான், மேட்டில் இறங்கித் தள்ளுவதும் நானே. மூன்றில் எது எனக்கு நன்றாக வரும் என்று கேட்டால், தள்ளுவதுதான்.

என் மனைவி ஞானம் திருநெல்வேலிப் பக்கம். "கல்லு வீட்டு மாப்பிள்ளை பாக்கேன் பாக்கேன்னு அலைஞ்சு, கடைசியில அப்பா என்னைச் சக்கரத்து மேல ஏத்திவிட்டுட்டாவ" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அந்த அறையில் முன்பு மூன்று பேர் இருந்தோம். எங்கள் லில்லியை உங்களில் பலருக்குத் தெரியும். நான் ஆர்மோனியம் வாசித்தால் துருத்தியைத் தன் கையால்தான் அழுத்துவேன் என்று அடம்பிடிப்பாள். நான்கு வயதில் தொண்டை அடைப்பான் வந்து போய்விட்டாள். நம் சபையில் எந்தச் சாவானாலும் பெட்டியைக் குழியில் இறக்குகிறவர்கள் கோயில் மணியடிக்கிற கோயில்பிள்ளையான தேவசகாயம் அண்ணனும் அவரோடு சேர்ந்த ஏழு பேரும்தான். எண்ணெய் ஏறிக் கறுத்த இரண்டு நீளக் கயிறுகள் வைத்திருப்பார்கள். லில்லியின் பெட்டி கயிற்றில் இறங்கும்போது தேவசகாயம் அண்ணன் தாழ்ந்த குரலில், "மெதுவா, மெதுவா. கொயந்த தூங்குது" என்றார். அந்தக் கயிற்றில் எந்த இடத்தில் முடிச்சு, எந்த இடத்தில் புரி பிரிந்திருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். தலையைக் குனிந்து நின்றவனுக்கு வேறு எதைப் பார்க்க முடியும்?

பிறகு வெகுநாள் கழித்து ஞானம் மறுபடி உண்டானாள். ஏழாம் மாதத்தில் கொஞ்சம் இரத்தம் பட்டது. மயிலாப்பூர் டாக்டரம்மா நாங்கள் நின்ற திருவான்மியூருக்கே வந்து பார்த்து, என்னை வெளியே கூப்பிட்டு, "பிள்ளை மட்டுமில்லை, தாய்க்கும் ஆபத்து. அசையாமல் படுத்திருக்க வேண்டும். மறுபடி பட்டால் உடனே என்னிடம் கொண்டுவா. ஆனால் தூக்காதே, உட்காரவைக்காதே, குலுக்காதே" என்றார். மூன்று நாளாக அங்கேயே தோப்பு நிழலில் வண்டியை நிறுத்தி அவளைப் படுக்கவைத்திருந்தேன். அன்று காலை மறுபடி பட்டது. முன்னைவிட அதிகம்.

எஞ்சினைக் கிளப்பி மெதுவாக வந்தேன். பாலம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் உள்ளே ஏதோ 'டக்' என்றது. அதோடு சரி. கைப்பிடியைப் போட்டுச் சுற்றினேன். கை தோலுரிந்ததுதான் மிச்சம்.

குதிரை ஜட்காவில் ஏற்றலாமா? அது குலுக்கியே கொன்றுவிடும். தூக்கிக்கொண்டு போகலாமா? எங்கள் வாசல் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைகிற அகலம், படியோ ஏணி மாதிரி. அவளை மடக்காமல் வெளியே எடுக்க முடியாது. வீடு போனால்தான் அவள் போகலாம்.

அப்போது குப்பத்து அந்தோணியம்மா தலையில் மீன்கூடையோடு மயிலாப்பூர் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, உன் ஊடு நடுரோட்ல நின்னுக்கினு கீது?"

விஷயத்தைச் சொன்னேன். மயிலாப்பூரில் நம் கோயிலுக்குப் பக்கத்தில் தேவசகாயம் என்று ஒருவர், அவரிடம் சொல், என் ஊட்டை இழுக்கணும், ஆள் வேணும் என்று சொல்லி அனுப்பினேன். அவள் மாதாவைக் கும்பிட்டுக்கொண்டு, "இழுக்கணும், இழுக்கணும்" என்று முணுமுணுத்தபடியே ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் ஒரு சவுக்குக்கட்டை லாரி வந்தது. கையைக் காட்டி நிறுத்தினேன். லாரிக்காரர் நல்ல மனுஷர். "தோ, பாலம் தாண்டி உட்டுட்றேன்" என்று சங்கிலியை எடுத்து எங்கள் வண்டியின் முன்தகட்டில் மாட்டினார். நானும் அவசரத்தில் சரியென்று உட்கார்ந்தேன். லாரி கிளம்பியது. தொய்ந்து கிடந்த சங்கிலி சடாரென்று விறைத்தது. வீடே ஒரு துள்ளு துள்ளியது. தகடு வளைந்தது. ஆர்மோனியம் மேடையிலிருந்து விழுந்து, யாரும் தொடாமலே ஒரு நீளமான சத்தம் போட்டது. அதற்கும் மேலே ஞானத்தின் சத்தம்.

நிறுத்து நிறுத்து என்று கத்தினேன். லாரிக்காரர் இறங்கி வந்து ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, பேசாமல் சங்கிலியைக் கழற்றிக்கொண்டார். "என்னால ஆவாது நைனா. பாவம் புடிச்சிக்கும்" என்றார்.

நான் அதுவரை ஜெபம் பண்ணாமலில்லை. ஆனால் என் ஜெபம் மெக்கானிக்கைக் கூப்பிடுகிற மாதிரி. செத்தவர்களை எழுப்புகிறவருக்கு ஓர் எஞ்சின் பெரிய காரியமா, எழுப்பும், எழுப்பும் என்று காலையிலிருந்து அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். எஞ்சினைப் பற்றிய ஞாபகமே வரவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கறுத்த கயிறுதான் தெரிந்தது. "ஆண்டவரே, அந்தக் கயிறு என் வீட்டுக்கு இன்னொரு தரம் வர வேண்டாம்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. ஜட்காச் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினேன். பாலத்தின் மேலிருந்து இரண்டு ஜட்காக்கள் இறங்கி வந்தன. எட்டுப் பேரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஒருவர் கையில் சம்பங்கி மாலை. முன்னால் தேவசகாயம் அண்ணன். அவர் தோளில் அந்தக் கயிறுகள்.

என் ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது, இல்லை என்கிற பதில், என்று நினைத்தேன்.

அண்ணன் வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "அயாத நைனா. நாங்க கீறோம். எப்ப ஆச்சு?"

"எதுண்ணே?"

"அதான்... அம்மா..."

அப்போது ஜன்னலிலிருந்து மெலிந்த குரல்: "யாரு வந்திருக்காவ?"

சம்பங்கி மாலை கீழே விழுந்தது. "ஐயோ, அம்மா பேசுது!" என்று தையற்கார மோசே ஜட்காவின் பின்னால் ஒளிந்தார்.

"இன்னாபா இது?" என்றார் தேவசகாயம் அண்ணன். "மீன்காரம்மா மூச்சு வாங்கிக்கினு வந்து, 'பாட்டு வண்டிக்காரரு ஊட்ல இழுத்துக்கினு கீது, சீக்கிரம் போங்க'ன்னு சொல்லிச்சே! எப்பலேந்துன்னு கேட்டேன். காலைலேந்துன்னுச்சு. காலைலேந்து இழுத்துக்கினு இருந்தா, நாங்க வர்ற வரைக்கும் எங்க தாங்கப்போவுதுன்னு எல்லாத்தையும் எடுத்துக்கினு வந்துட்டோம்."

ஒருவருக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது என்றால் நம் ஊரில் அர்த்தம் ஒன்றுதான். வீட்டில் என்றால் மனைவி என்றும் நமக்குத் தெரியும். நான் வீட்டை இழுக்கச் சொன்னேன். போன செய்தி, வீட்டுக்காரி சாகக் கிடக்கிறாள் என்று.

"நான் கடைய சாத்திட்டு வந்தேன்பா" என்று மோசே ஜட்காவின் பின்னாலிருந்தே முனகினார். யாரோ சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்தது சிரிப்புதானா என்று எனக்கே சந்தேகம், கன்னமெல்லாம் நனைந்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். வண்டி நின்றுவிட்டது என்று சரியாகச் சொல்லியிருந்தால், வேலைநாளில் எட்டுப் பேர் கடையைச் சாத்திவிட்டு வந்திருப்பார்களா? நானே போயிருக்கமாட்டேன். சாவு என்றால்தான் நாம் உடனே கிளம்புகிறோம்.

அண்ணன் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த கயிற்றைப் பார்த்தார். "இதால இழுத்துடலாம். லாரி மாரி வெடுக்குனு இழுக்காது. எட்டு ஆளு, ஒரே நடை."

"வேணாம்ண்ணே. வேற கயிறு பாப்போம். இது வேணாம்."

"என்ன கயிறு அது?" என்றாள் ஞானம் உள்ளிருந்து.

நான் வேண்டாம் என்ற விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"லில்லியை இறக்குனதா?" என்றாள். பிறகு சொன்னாள்: "அவளைக் கொஞ்சமும் குலுக்கலியே அது. கட்டச் சொல்லுங்க."

கட்டினோம். வளைந்த தகட்டில் கட்டவில்லை. கீழே குனிந்து வண்டியின் அடிச்சட்டத்தில், இடமும் வலமும் ஒரே நீளத்தில் கட்டினோம். பக்கத்துக்கு நான்கு பேர். கியரை எடுத்துவிட்டு நான் ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்தேன். என் வேலை என்ன தெரியுமா? ஓட்டுவது இல்லை. பிரேக்கில் லேசாகக் காலை வைத்துக்கொண்டு, கயிறு தொய்யாமல் பார்த்துக்கொள்வது. தொய்ந்தால் மறுபடி விறைக்கும், விறைத்தால் குலுங்கும். முன்னால் போகிறவர்களை மிஞ்சிப் போகவும் கூடாது, முரண்டு பிடிக்கவும் கூடாது. வாழ்நாளில் அவ்வளவு அடக்கமாக நான் உட்கார்ந்ததில்லை.

நடை ஒன்றாக விழுவதற்கு ஒரு பாட்டு வேண்டியிருந்தது. எட்டுப் பேருக்கும் சேர்ந்து வாயில் வந்ததெல்லாம் கல்லறைப் பாட்டுகள்தான். இரண்டு அடி பாடியதும் ஞானம், "நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். கலியாணப் பாட்டு பாடுங்க" என்றாள். பாடினார்கள். அதன் வேகத்துக்குக் கால் துள்ளியது, கயிறும் துள்ளியது. "சரி சரி, பழசையே பாடுங்க" என்று சொல்லிவிட்டாள். குலுங்காமல் நடக்கச் சாவுப் பாட்டை மிஞ்ச ஒன்றுமில்லை.

பாலத்தின் உச்சி வந்தது. ஏறுவது பயமில்லை, இறங்குவதுதான் பயம். சரிவில் வண்டி தானாக ஓடி, முன்னால் இழுக்கிறவர்கள் மேலேயே ஏறிவிடும். என் பழைய பிரேக்கை நம்பவும் முடியாது, திடீரென்று அழுத்தவும் முடியாது. அண்ணன் கயிறுகளை அவிழ்த்துப் பின்னால் கட்டினார். எட்டுப் பேரும் குதிகாலை ஊன்றிச் சாய்ந்து, கைமாற்றிக் கைமாற்றிக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். அதுதான் அவர்கள் தொழிலே. எங்கள் வீட்டைப் பாலத்திலிருந்து ஒரு பெட்டியை இறக்குகிற மாதிரி இறக்கினார்கள். பின்னாலிருந்து அண்ணன் குரல் கேட்டது: "மெதுவா, மெதுவா. தாயி தூங்குது."

வளையத்தின் மேல் தலையைச் சாய்த்து அழுதேன். கால் மட்டும் பிரேக்கில்.

பாலம் இறங்கியதும் கயிறு மறுபடி முன்னால் வந்தது. சாந்தோம் சாலையில் எதிரே வந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். மயிலாப்பூருக்குள் நுழையும்போது குதிரைவண்டியில் வந்த ஒரு வக்கீல் வண்டியை ஓரங்கட்டி, "பாவம், யாராத்து மனுஷா? எப்போ போனாராம்?" என்று கேட்டார். ஜன்னலுக்குள்ளிருந்து பதில் வந்தது: "இன்னும் போகல ஐயா. போய்க்கிட்டுதான் இருக்கேன், ஆஸ்பத்திரிக்கு." வக்கீல் ஐயா வாயை மூட மறந்துபோனார்.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரம்மாவே வண்டிப் படியேறி உள்ளே வந்தார். ஆட்கள் பக்கப் பலகையைக் கழற்றி அவளைக் கட்டிலோடு எடுத்தார்கள். வீடு உடைந்தது. அவள் உடையவில்லை.

அன்று பொழுது சாயுமுன் பிள்ளை பிறந்தான். பையன். ஒரு முறை வாயைத் திறந்தான். அழத் தொடங்குகிறான் என்று நினைத்தேன். அதற்குள் போய்விட்டான்.

அந்தச் சங்கிலிக் குலுக்கல்தானா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "இல்லை, அதற்கு முன்பே அவன் தளர்ந்துவிட்டான். இன்னொரு குலுக்கல் பட்டிருந்தால் தாயும் இல்லை" என்றார். முதல் பாதி உண்மையா, என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னதா, எனக்குத் தெரியாது. நான் திரும்பக் கேட்கவில்லை.

மறுநாள் லில்லிக்குப் பக்கத்தில் அவனை வைத்தோம். அத்தனை சிறிய பெட்டிக்குக் கயிறு தேவைப்படவில்லை. நானே குழியில் இறங்கி என் கையால் வைத்தேன். கயிறு வரவேண்டாம் என்று கேட்டேன். என் பிள்ளைக்காகக் கயிறு வரவில்லை. ஏன் இப்படிக் கொடுத்தீர் என்று தேவனிடம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் ஞானத்தை எனக்குத் திருப்பிக் கொடுத்தார். நான் எதைக் கண்டு நடுங்கினேனோ, அதைக் கொண்டே கொடுத்தார். அதற்கு நான் சாட்சி. அவர் நாமத்துக்கு ஸ்தோத்திரம்.

இப்போது உங்கள் வீடுகளில் சாவு என்றால் கயிற்றைப் பிடிக்க ஒன்பதாவது ஆளாக நானும் வருகிறேன். அங்கே என்னிடம் வேடிக்கை எதிர்பார்க்காதீர்கள். வேறு இடத்தில் கேளுங்கள், தருகிறேன். ஜெபத்திலும் அதிகாரத்தை விட்டுவிட்டேன். வளையம் என் கையில் இருந்தாலும் இழுக்கிறவர் வேறு ஒருவர் என்று தெரிந்துகொண்டேன்.

நடுவழியில் நின்றுபோனவர்கள் இதை வாசித்தால் உங்களுக்கு ஒரு வார்த்தை. எப்படிச் சொல்வது, சரியாகச் சொன்னேனா என்று கலங்காதிருங்கள். அழுகிற வாயில் வருவதைச் சொல்லி அனுப்புங்கள். போகிற வழியில் அது தப்பாக மாறினாலும், போய்ச் சேருகிற இடத்தில் அவர் சரியாகக் கேட்டுக்கொள்வார். வருகிற உதவியின் முகத்தைப் பார்த்துப் பயந்துவிடாதிருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் தேவசகாயம் அண்ணன் தவறாமல் கேட்பார்: "இன்னாம்மா, எப்டி கீறே?"

"இழுத்துக்கிட்டு இருக்கு அண்ணாச்சி" என்பாள் ஞானம். பிறகு மேலே கையைக் காட்டுவாள். "அவரு விடமாட்டேங்காரு."